ஆபீஸ் பிரியும்போது உங்கள் எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) எங்கே இருக்கிறது?

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று நான்கு மாவட்டங்களில் இருக்கிறார்கள். 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. 2021-ல் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு கும்பகோணம் மாநகராட்சி ஆனது. மின்வாரியம் 2010-ல் கம்பெனிகளாகப் பிரிந்தது, 2024-ல் மறுபடியும் பிரிந்தது. இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் என்னிடம் வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், வேலை போயிடுமா?"

நிரந்தரப் பணியாளர் என்றால் அநேகமாகப் போகாது. பணி வழக்குகள் பார்க்கும் வக்கீலாக நான் கண்டவரை, போவது வேறு. பணிப்பதிவேட்டில் ஒரு வரி போகும், முதுநிலைப் பட்டியலில் (பணிமூப்பு வரிசையில்) நான்கு இடம் போகும். ஊர் மாறுகிறதே என்கிற பதற்றத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை.

இளநிலை உதவியாளர் ஒருவர் வந்தார். அவர் இருந்த சின்ன அலுவலகத்தைப் பெரிய அலுவலகத்தோடு இணைத்திருந்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் மேலே இருந்தார்கள். எஸ்.ஆரை மேசையில் விரித்துப் பார்த்தோம். தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) முடித்த பதிவு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் 'ஆணை பார்க்க' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆணை எண் இல்லை, தேதி இல்லை, அதிகாரி கையெழுத்தும் இல்லை. பழைய அலுவலகத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால் பதினோரு வருஷமாக அது யாருக்கும் உறுத்தவில்லை. புதிய இடத்தில் "அங்கேயே போய் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அங்கே என்றால் எங்கே? அந்த அலுவலகமே இப்போது இல்லை, அந்த அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருக்கிறது. கடைசியில் பழைய அனுப்புகைப் பதிவேட்டில் (வெளியே போகும் தபால்களைக் குறிக்கும் பதிவேடு) ஓர் எண் கிடைத்து, அதை வைத்து மேலலுவலகக் கோப்பிலிருந்து ஆணை நகலை எடுத்தோம். எட்டு மாதம் ஆனது.

அதனால் பிரிப்பு, இணைப்பு என்று பேச்சு அடிபடும்போதே எஸ்.ஆர். நகல் வாங்கிவிடுங்கள். கேட்டுக் கொடுக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். ஆண்டுதோறும் பணி சரிபார்த்த பதிவு, ஊதிய நிர்ணயம், விடுப்புக் கணக்கு, தகுதிகாண் பருவம். இந்த நான்கையும் பழைய அதிகாரி நாற்காலியில் இருக்கும்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

அடுத்தது விருப்பக் கடிதம். 'எங்கு வேண்டுமானாலும் பணிபுரியச் சம்மதம்' என்று டைப் செய்த தாளை நீட்டுவார்கள், எல்லோரும் போடுகிறார்களே என்று நாமும் போட்டுவிடுவோம். ஒரே துறைக்குள் இடமாறுதல் என்றால் அது பணியின் ஓர் அங்கம். உள்நோக்கமோ விதிமீறலோ இல்லாமல் நீதிமன்றம் தலையிடாது. ஆனால் முதலாளியே மாறுவது வேறு கதை. மணிப்பூரில் இருந்த தன் மையத்தின் ஆசிரியரை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிட ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் முயன்றபோது, அவர் சம்மதமில்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமே அப்படி மாற்றினால்கூடப் பாதுகாப்பு எழுதியிருக்கும். மின்சாரச் சட்டம் 2003, 133-வது பிரிவைப் பாருங்கள்: மாற்றப்பட்டவரின் பணி நிபந்தனைகள் முன்பிருந்ததைவிட எந்த வகையிலும் குறையக் கூடாது. தொழிலாளர்களுக்கு 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இந்தக் கருத்து இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பணித்தொடர்ச்சி அறக் கூடாது, நிபந்தனை குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்துப் புது நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும். இல்லாவிட்டால் மாற்றும்போதே இழப்பீடு. அதனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, 'பணிமூப்பு, ஓய்வூதிய உரிமைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மாறுதல் பிடிக்கவில்லை என்று மெடிக்கல் லீவு போட்டுவிட்டு வழக்குக்கு வருபவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். முதலில் போய்ச் சேருங்கள், அப்புறம் முறையீடு கொடுங்கள். இன்னொன்று, கும்பகோணத்தில் வேலை பார்க்கும்வரை உங்கள் ரிட் மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். மயிலாடுதுறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே நடப்பதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் கோர்ட்டே மாறிவிடுகிறது!

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. நிஜமாகவே வேலை போவது அவர்களுக்குத்தான். கான்ட்ராக்டர் மாறும்போது பி.எஃப். கணக்கும் வருகைப்பதிவின் போட்டோவும் கையில் இருந்தால்தான், இத்தனை வருஷம் இங்கே வேலை பார்த்தேன் என்று வாயைத் திறக்கவாவது முடியும்.

புது இடத்தில் சேர்ந்தவர்கள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தற்காலிக முதுநிலைப் பட்டியல் ஒட்டினால் ஆட்சேபிக்கக் கொடுக்கும் நாள் குறைவு. மயிலாடுதுறையில் ஒருவருக்கு ஐப்பசிக் கடைமுழுக்கு வாரத்தில் ஒட்டினார்கள். அவர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு காவிரித் துலாக்கட்டத்தில் நின்றிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.