சகோதரி நகரமாம்! அக்காவா, தங்கச்சியா?

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளாட்சி பற்றிய கருத்தரங்கு. மேடைக்குப் பின்னால் பெரிய பிளெக்ஸ் பேனர்: "சகோதரி நகரங்கள் மற்றும் சர்வதேச நகராட்சி பங்காளித்துவம்". பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், ஒரு காலத்தில் கவுன்சிலராக இருந்தவராம், அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "ஏம்பா, சகோதரின்னா அக்காவா, தங்கச்சியா? சீரு யாரு யாருக்குச் செய்யணும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். இந்தச் 'சகோதரி நகரம்' என் காதில் விழுவது இது எத்தனையாவது முறையோ. இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டு நகரங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மேயர்கள், மாணவர்கள், பொறியாளர்கள் போய்வருவது. குப்பை, குடிநீர், வரி வசூல் என்று ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வது. அமெரிக்காவில் இதற்கு 'சிஸ்டர் சிட்டி' என்று பெயர். 1956இல் ஐசன்ஹோவர் அதிபராக இருந்தபோது ஓர் இயக்கமாகவே தொடங்கி வைத்தார். அதற்கு முன்பே, 1931இல், ஒஹாயோவின் டொலிடோவும் ஸ்பெயினின் டொலிடோவும் பெயர் ஒன்றாக இருந்ததால் கைகோத்துக்கொண்டன. அந்த ஒஹாயோ டொலிடோ பின்னாளில் நம்ம கோயம்புத்தூரோடும் சேர்ந்தது. சென்னைக்கு 1984இல் டென்வர், 2008இல் சான் அன்டோனியோ. சோவியத் காலத்திலேயே வோல்கோகிராட். பிரிட்டனில் சொல்வது 'ட்வின் டவுன்', பிரெஞ்சுக்காரர்களுக்கும் இரட்டைதான். ஜெர்மானியர்கள் பங்கு சேர்ந்த நகரம் என்கிறார்கள். ரஷ்யர்களின் சொல்தான் எனக்குப் பிடித்தது: பிறப்பால் இல்லாமல், சத்தியம் செய்து அண்ணன் தம்பி ஆனவனுக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, அதையே நகரத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

சரி, சகோதரிக்கு வருவோம். உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவள் சகோதரி. சென்னையும் டென்வரும் எந்த வயிற்றில் பிறந்தன? ஆங்கிலத்தில் அந்தச் சொல் லேசானது. ஒரே மாதிரி கட்டிய கப்பல், ஒரே முதலாளியின் கம்பெனி எல்லாமே அங்கே சிஸ்டர்தான். தமிழில் உறவுச்சொல் அப்படி லேசானதில்லை, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கடமை நிற்கிறது. அதோடு நம் வீட்டில் 'சகோதரி' என்று ஒருத்தி கிடையவே கிடையாது. அக்கா உண்டு, தங்கச்சி உண்டு. மேடையிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் சகோதரி. மூத்தவளா இளையவளா என்று கேட்காமல் வீட்டுப் பேச்சில் உடன்பிறந்தவளைப் பற்றிப் பேசவே முடியாது என்பதால் பெரியவரின் கேள்வி முழுக்க நியாயம். சீன மொழியிலும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் அரசு வழக்கில் 'நட்பு நகரம்' என்று வைத்துக்கொண்டார்கள், மூத்தது இளையது என்ற பேச்சே எழவில்லை. ஜப்பானியர்கள் எழுதுவதற்கு நேர்ப்பொருள் 'அக்காள் தங்கை நகரம்', அது அவர்கள் பாடு. 2014இல் வாரணாசியும் கியோட்டோவும் ஒப்பந்தம் போட்டபோது நம் செய்திகளில் ஓரிடத்தில் சகோதரி, இன்னோரிடத்தில் சகோதரன். நகரத்துக்கு ஆண்பால் பெண்பால் பார்க்கும் வேலையையும் மொழிபெயர்ப்பாளர்களே எடுத்துக்கொண்டார்கள்.

'இரட்டை நகரம்' சுத்தமாக ஆகாது. அது ஐதராபாத்தும் செகந்திராபாத்தும். நம்ம ஊரில் சொன்னால் நடுவில் பாலாறு ஓட (ஓடினால்!) இந்தக் கரையில் வேலூர், அந்தக் கரையில் காட்பாடி. கடல் தாண்டி இருக்கும் ஊரை அப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்?

இப்போது பேனரின் பின்பாதி, 'பங்காளித்துவம்'. இலங்கைத் தமிழில் இது நன்றாகவே புழங்குகிறது, அங்கே அது சரி. ஆனால் வடாற்காட்டில் பங்காளி யார்? ஒரே தாத்தா சொத்தில் பங்கு உள்ளவன். வரப்புத் தகராறு, கிணற்றில் முறை, பாகப்பிரிவினை, தாசில்தார் ஆபீஸ், கோர்ட்டு, அப்புறம் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டுச் சாவுக்கு மட்டும் வந்து நிற்பது, இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. "எனக்கும் அவனுக்கும் பங்காளிச் சண்டை" என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் கேட்கும் ஆள் இந்தப் பக்கம் கிடையாது. இரண்டு நகராட்சிகள் ஒன்றுக்கொன்று உதவி செய்யப் போகின்றன என்று சொல்ல வந்தவர் இதைத்தானா எடுப்பார்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வாலில் ஒரு 'துவம்' ஒட்டினால் கனமான சொல் வந்துவிட்டது என்று நினைப்பு. வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு 'மற்றும்' வேறு. 'நகரங்களும்' என்று ஓர் உம் போட்டால் கை வலிக்குமா? சர்வதேசத்துக்குப் பதில் பன்னாடு என்று எழுதினால் பேனர் அச்சடிக்க மாட்டேன் என்பார்களா? கணினி துப்பியதை அப்படியே அச்சுக்கு அனுப்பும் காலமாகிவிட்டது, துப்பியதைத் துடைக்கக்கூட ஆள் இல்லை.

அரசாங்கச் சொல் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. 'கூட்டுக்குடிநீர்' என்ற சொல்லைப் பாருங்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வேலூருக்கு வந்தபோது அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பல ஊருக்குச் சேர்த்து ஒரே தண்ணீர், அவ்வளவுதான். அந்தக் கூட்டையே இங்கும் வைத்து 'நகராட்சிக் கூட்டுறவு' என்றால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். கூட்டுறவு என்றதும் நமக்குப் பால் சொசைட்டியும் நகைக்கடனும் அல்லவா நினைவுக்கு வருகின்றன? 'கூட்டாளி' இன்னும் நெருங்கி வருகிறது. சிநேகிதனையும் சொல்லும், தொழிலில் பங்கு போட்டவனையும் சொல்லும். ஆனால் "ரவுடியின் கூட்டாளிகள் 3 பேர் கைது" என்று பேப்பர்காரர்கள் அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். 'துணை நகரம்' என்பது பெரிய நகரத்தின் ஓரத்தில் எழுப்பும் புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டது. 'இணை நகரம்' பொருளில் தப்பில்லை, ஆனால் இணை இயக்குநர், இணை ஆணையர் என்று கேட்டுக் கேட்டு, இணை என்றால் மேலே ஒருத்தர் இருக்கிறார் என்று ஆகிவிட்டது.

என் ஓட்டு 'தோழமை நகரம்' என்பதற்கு. நகராட்சிகளுக்கு இடையே நடக்கும் வேலைக்கு 'பன்னாட்டு நகராட்சித் தோழமை'. தோளோடு தோள் நிற்பவன் தோழன் என்று மேடையில் வேர் சொல்வார்கள், அது எனக்கு ஒப்பாது, ளகரம் வேறு ழகரம் வேறு. வேர் எதுவானாலும் சொல் பழையது, சங்கப் பாட்டிலேயே தோழி இருக்கிறாள், சும்மா இல்லை, தலைவிக்காக ஓடியாடி வேலை செய்துகொண்டிருக்கிறாள். தோழனில் மூத்தவன் இளையவன் கிடையாது. பிறப்பால் வருவதில்லை, நாமாகத் தேடிக்கொள்வது. நட்பு போதாதா என்றால், நட்புக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லையே. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்கள். அது சங்கப் பாட்டுக்கு அழகு, ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு சால்வை போர்த்திக்கொண்டு அப்புறம் ஒருவரை ஒருவர் திரும்பியே பார்க்காத நகராட்சிகளுக்கு அதுவே சாக்காகிவிடும். தோழமைக் கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் ஆள் மாற்றுகின்றனவே என்றும் கேட்கலாம். மாற்றட்டும், அதனால் சொல் என்ன கெட்டது?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக்கு ஒரு தோழமை நகரம் தேடச் சொன்னால் நான் இத்தாலியின் சாந்தா குரோச்சேயைச் சொல்வேன். அதுவும் தோல் பதனிடும் ஊர், ஆர்னோ ஆற்றங்கரை. தோல் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் வேலை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. இங்கே பாலாற்றில் தோல் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பே வந்தது. அங்கே கழிவைக் கட்டி மேய்க்கும் பொறியாளர் இங்கே வந்து பத்து நாள் உட்கார்ந்து, நம் ஆள் அங்கே போய்ப் பத்து நாள் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் தோழமை.

டீ இடைவேளையில் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "தோழமைன்னா புரியுது. அப்போ அவங்களும் இங்க வருவாங்க?"

"வருவாங்கய்யா."

"வந்தா, பாலாத்த எந்தப் பக்கமா நின்னு காட்டுவீங்க?"