திவான்: ஏடு, அலுவலகம், ஆள்

திருவிதாங்கூர் திவான், புதுக்கோட்டை திவான் என்று கேட்டுப் பழகியதால் இச்சொல்லை ஒரு பதவிப் பெயராகவே எண்ணுகிறோம். தொடக்ககால இசுலாமியப் பேரரசில் திவான் என்பது முதலில் பெயர்ப் பதிவேடு. பிறகு அந்த ஏட்டை வைத்து நடத்திய அலுவலகம். ஆளைக் குறித்தது பின்னால்தான்.

அரபிக்கு இது பாரசீகத்திலிருந்து வந்தது. எழுத்தைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல்லான 'திபி'யோடு இதைச் சேர்ப்பார்கள். நாம் அறிந்த 'லிபி'யும் அதற்கு உறவு என்பது மொழியியலார் பலரின் கருத்து. முணுமுணுத்துக் கணக்குப் போட்ட எழுத்தர்களைப் பார்த்து மன்னர் 'தீவானா' (பித்தர்கள்) என்றதால் வந்த பெயர் என்பது வெறும் கட்டுக்கதை.

வென்ற நாடுகளின் வரிப்பணம் மதீனாவில் குவிந்தபோது, யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைக்கக் கலீபா உமர் (634–644) முதல் திவானை ஏற்படுத்தினார். குலவாரியாகப் பெயர்கள், நபியின் உறவினர் முதலில். நபியோடு பத்ருப் போரில் நின்றவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம்.

பணம் சேர்ந்தால் களவும் சேரும். ஈராக்கின் கூஃபா நகரில் திருடர்கள் ஆளுநர் மாளிகையில் இருந்த கருவூலத்துக்குள் கன்னம் வைத்தார்கள். பள்ளிவாசலில் இரவும் பகலும் ஆள் இருக்கும் என்பதால், பள்ளிவாசலை அந்த மாளிகையை ஒட்டிக் கட்டச்சொன்னார் உமர் என்கிறது தபரியின் வரலாறு. அகழாய்விலும் மாளிகை பள்ளிவாசலின் கிப்லாச் சுவரை (தொழுகைத் திசையான மக்காவை நோக்கிய சுவர்) ஒட்டியே கிடைத்தது. கட்டட அமைப்பையே கணக்குத்தான் முடிவுசெய்திருக்கிறது!

பின்னால் வந்த கலீபா முஆவியா காலத்தில் திருட்டு ஏட்டுக்குள்ளேயே நடந்தது. ஒரு லட்சம் திர்ஹம் கொடுக்கச் சொல்லி அவர் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தை வழியில் பிரித்து, கொண்டுபோனவரே இரண்டு லட்சமாகத் திருத்திவிட்டார். ஆளுநரின் கணக்கு வந்தபோது குட்டு உடைந்தது. அதன்பிறகே கடிதத்தைக் கட்டி முத்திரையிடும் 'திவானுல் காத்தம்' பிறந்தது.

அதுவரை ஈராக்கில் பாரசீகத்திலும் சிரியாவில் கிரேக்கத்திலும் எழுதிவந்த வரிக் கணக்குகளை 700ஆம் ஆண்டையொட்டி கலீபா அப்துல் மலிக் ஆட்சி அரபிக்கு மாற்றியது. சிக்கல் பின்னங்களில் வந்தது. "இவற்றை எப்படி எழுதுவாய்?" என்று பாரசீகத் தரப்பு மடக்கியபோது, 'உஷ்ர்', 'நிஸ்ஃப் உஷ்ர்' என்றார் ஈராக்கில் கணக்கை அரபிக்கு மாற்றிய எழுத்தர் ஸாலிஹ். அதாவது பத்தில் ஒன்று, அதில் பாதி. நம் கணக்கில் இருமா, ஒருமா.

திவானைத் தமிழாக்கும்போது ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். உமரின் திவானுக்குப் 'பதிவேடு' போதும். அலுவலகத்துக்குத் 'திணைக்களம்' கச்சிதம்: சோழர் கல்வெட்டில் வரித்துறைக்குப் 'புரவுவரித் திணைக்களம்' என்றே பெயர், அதன் ஏடு 'வரிப்பொத்தகம்', இலங்கையில் இன்றும் அரசுத் துறைகள் திணைக்களங்கள்தாம். சமஸ்தானத் திவானை 'தலைமை அமைச்சர்' எனலாம். ஒரு கவிஞரின் திவான் என்று வந்தால் அது பாடல் தொகுப்பு. அங்கே திணைக்களம் என்று போட்டுவிடக் கூடாது.