பெரிய நம்பர் பிளக் கேட்டு வாங்கிய தம்பி

காசிமேட்டில் ஏலம் முடிந்து, மீனை இறக்கிவிட்டு வரும் லோடு வண்டிகள் என் பட்டறைப் பக்கம் வருவதற்குப் பத்து மணி ஆகிவிடும். போன மாதம் அப்படி ஒன்று வந்தது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) வண்டி. ஓட்டி வந்த தம்பி இறங்கும்போதே கையில் நான்கு ஸ்பார்க் பிளக் டப்பா வைத்திருந்தார். எஞ்சினுக்குள் பொறி போட்டு எரிபொருளைப் பற்ற வைக்கும் சாமான் அது.

"ணா, பேசின் பிரிட்ஜ் பாலம் ஏறச்சொல்ல கேஸ்ல உதறுது. பெட்ரோலுக்கு மாத்தினா ஒண்ணும் இல்ல. பிளக் நானே வாங்கினு வந்துட்டேன். போட்டு மட்டும் குடு."

"கடையில என்னன்னு கேட்டு வாங்கின?"

"கேஸ் வண்டிக்கு சூடு ஜாஸ்தி, ஒரு நம்பர் பெருசா போடுன்னு ஸ்டாண்டுல சொன்னாங்க. ரெண்டு நம்பர் பெருசாவே வாங்கிட்டேன்."

சீட்டைத் தூக்கி ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வண்டியில் இருந்தது என்.ஜி.கே. கம்பெனி பிளக், வெப்ப நம்பர் 6. அவர் வாங்கி வந்தது பாஷ் கம்பெனி பிளக், நம்பர் 8. கணக்குப்படி பார்த்தால் 6ஐ விட 8 பெரியதுதான். ஆனால் அவருக்கு வேண்டியதற்கு நேர் எதிரான பிளக் அது.

என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் நம்பர் ஏற ஏற பிளக் குளிர்ச்சி வகையாகும். பாஷ், சாம்பியன் இரண்டிலும் நம்பர் ஏற ஏற சூட்டு வகையாகும். என்.ஜி.கே.யில் 6 என்பது பாஷில் ஏறக்குறைய 7, டென்சோவில் 20, சாம்பியனில் 9. நான்கும் ஒரே வேலை செய்யும் பிளக்தான், நம்பர்தான் வேறு. அந்தத் தம்பி வாங்கி வந்த பாஷ் 8, என்.ஜி.கே. கணக்கில் 5க்குச் சமம். குளிர்ச்சியாக வேண்டும் என்று போனவர், இருந்ததைவிடச் சூடான பிளக்கைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். இது அவர் தப்பு இல்லை. டப்பாவில் இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

சூட்டு வகை என்றால் பொறி சூடாக வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஞ்சினுக்குள் எரியும் சூட்டை பிளக் தன் முனையிலிருந்து, சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதுதான் அந்த நம்பர். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக, உள்ளே ஆழம் வரை தனித்து நின்றால் சூடு இறங்க நேரமாகும். அது சூட்டு வகை. மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இரும்புக்குப் போய்விடும். அது குளிர்ச்சி வகை. ஓடும்போது அந்த முனை ஏறக்குறைய 500 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அப்போதுதான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850ஐத் தாண்டினால் முனையே கங்கு மாதிரி சிவந்து, பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்ற வைத்துவிடும். முழு லோடில் அப்படிக் கொஞ்ச நேரம் ஓடினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஸ்டாண்டில் சொன்ன அறிவுரையிலும் பாதிதான் உண்மை. வெளியில் கிட் போட்டு கேஸுக்கு மாற்றிய வண்டிகளில் ஒரு படி குளிர்ச்சியான பிளக் போடச் சொல்வது உண்டு. கம்பெனியிலிருந்தே சி.என்.ஜி.யாக வந்த வண்டிக்கு அது பொருந்தாது. கேஸை மனதில் வைத்துத்தான் அந்த நம்பரையே குறித்திருப்பார்கள். நாமும் நம் பங்குக்கு இன்னும் ஒரு படி குளிர்ச்சியாகப் போட்டால் பிளக் கரி பிடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்டும்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். 'பிக்கப்புக்கு பிளக் மாத்தணும்' என்று வருகிறவர்களில் சிலருடையது டீசல் வண்டியாக இருக்கும். டீசலில் பொறி பிளக்கே கிடையாது. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு ஹீட்டர் பிளக் மட்டும் இருக்கும், அது வேறு சாமான். வடசென்னையில் ஓடும் லோடு வண்டிகள் ரொம்ப காலம் பெரும்பாலும் டீசல்தான். 2019இல் எண்ணூரில் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் வந்து, சி.என்.ஜி. பங்க்குகளும் பெருகிய பிறகுதான் பிளக் பேச்சு லோடு வண்டிக்காரர்களிடம் அதிகமாக அடிபடுகிறது. டீசலிலேயே பழகியவருக்கு பிளக் குழப்பமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, கேஸில் மட்டும் ஏன் உதறியது? கேஸ் கலவையில் பொறி தாவ பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். பிளக் தேய்ந்து, பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தால் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் பாலம் ஏறும்போது மாட்டிக்கொள்ளும். பெட்ரோலில் நன்றாக ஓடி, லோடு ஏற்றி மேட்டில் கேஸில் மட்டும் உதறினால், கேஸ் கிட்டில் கை வைப்பதற்கு முன் பிளக்கையும், அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலையும் பாருங்கள். இந்த வண்டியில் இடைவெளி அளக்கும் பில்லர் கேஜ் வைத்தபோது இடைவெளி இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் அதிகம். பெட்ரோல் எஞ்சின்களில் 1.0, 1.1 மி.மீ. என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சி.என்.ஜி.க்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே சரி. 'இடைவெளி கூட்டினா பொறி பெருசா வரும்' என்று வளைத்து விடுகிறவர்களை நம்பாதீர்கள். தாவ முடியாத மின்சாரம் வேறு வழி தேடும்.

அந்த வேறு வழியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இந்த வண்டியிலேயே மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெளிப்பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கீறல் இருந்தது. பொறி எஞ்சினுக்குள் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி இரும்பைத் தொட்ட தடம் அது. கடலோரம் ஓடுகிற வண்டிகளில் இது அதிகம். ஐஸ் தண்ணீர், உப்புக் காற்று, பிளக் தலையை மூடும் ரப்பர் உறையான பூட்டில் ஈரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் இருட்டிய பிறகு சீட்டைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். கையை மட்டும் தள்ளியே வையுங்கள். நீல நூல் மாதிரி ஒன்று துடிக்கும். அப்படித் தெரிந்தால் பிளக்கோடு அந்த ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும். பழைய பூட்டுக்குள்ளும் அதே தடம் இருக்கும். புது பிளக் போட்டாலும் மின்சாரம் பழகிய பாதையிலேயே போகும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் வளையமாகப் பழுப்புக் கறை படிந்திருக்கும். 'பிளக்ல கம்ப்ரஷன் லீக் ஆகுது' என்று அதைக் காட்டியே நான்கு பிளக்கையும் மாற்றிவிடுவார்கள். அது வெறும் கறை. உயர் மின்னழுத்தம் காற்றிலிருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

முனையின் நிறத்தைப் பார்க்கும்போதும் எரிபொருளை நினைவில் வையுங்கள். பெட்ரோலில் இளம் பழுப்பு என்றால் நல்லது. கேஸில் மட்டும் ஓடும் வண்டியில் முனை வெளுத்துத்தான் இருக்கும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். பீங்கானில் கொப்புளம், உருகிய மணி மாதிரி ஏதாவது தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். ஈரமாக எண்ணெய் பளபளத்தால் எஞ்சின் ஆயில் தூக்குகிறது என்று அர்த்தம். அதற்கு எந்த பிளக்கும் மருந்து இல்லை.

அடுத்து எல்லோரும் கேட்பது இரிடியம் போடலாமா என்று. தாராளமாகப் போடலாம், 'பிக்கப் கூடும்' என்று நம்பிப் போடாதீர்கள். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,400க்கும் மேல். அதனால்தான் இரிடியத்தில் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கம்பியாகச் செய்ய முடிகிறது. நிக்கலில் அதே முனை இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும், தேய்மானமும் மெதுவாக இருக்கும். கேஸ் வண்டிக்கு இது உண்மையிலேயே உதவும், காயிலுக்கும் சுமை குறையும். ஆனால் வெப்ப நம்பர், மரை (திருகு) நீளம், இடைவெளி மூன்றும் பொருந்தாத இரிடியத்தைவிட, பொருந்துகிற நூற்றுச் சொச்சம் ரூபாய் நிக்கல் பிளக் எவ்வளவோ மேல். கடையில் 'காப்பர் பிளக்' என்று தனியாக ஒன்றைக் காட்டுவார்கள். நிக்கலோ இரிடியமோ, இன்றைக்கு வருகிற பிளக்குகளில் உள்ளே செம்புத் தண்டுதான் இருக்கும், முனையில்தான் வித்தியாசம்.

ஒரு காயிலே இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் எஞ்சின் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் பாதி பிளக்கில் பொறி தலைகீழாக, வளைந்த கம்பியிலிருந்து நடு முனைக்குத் தாவும். நடு முனையில் மட்டும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக் அங்கே வீண், வளைந்த கம்பி நிக்கலாகவே தேய்ந்துவிடும். இரண்டு பக்கமும் உலோகம் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கிலோமீட்டர் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. துறைமுகத்துக்கு வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் லோடு வண்டியின் மீட்டர் நகராது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்குக்கு அதுவும் வேலைதான். நெரிசலிலேயே ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே ஒருமுறை கழற்றிப் பார்ப்பது என் வழக்கம்.

மரை நீளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே துரோகம். 14 மி.மீ. மரை பிளக்குகளில் 12.7, 19, 26.5 மி.மீ. என்று வெவ்வேறு நீளங்கள் உண்டு. குட்டையானது நீள ஓட்டையிலும் அழகாக ஏறிவிடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அடியில் மிச்சமிருக்கும் ஹெட் மரையில் கரி அடைத்துக்கொள்ளும். பிறகு சரியான பிளக்கை ஏற்றும்போது பாதியில் இறுகும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டால் வால்விலோ பிஸ்டனிலோ இடிக்கலாம். பி.பி.ஆர்.6.இ.எஸ். என்ற என்.ஜி.கே. பெயரில் 6க்குப் பின் வரும் 'இ' தான் 19 மி.மீ. என்று சொல்கிறது. நடுவில் வரும் 'ஆர்' என்பது உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாததை இன்றைய கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் போட்டால் மின் இரைச்சல் சென்சார்களைக் குழப்பிவிடும். கழற்றிய பிளக்கில் இருக்கும் நம்பரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. முன்னால் கை வைத்தவர் தப்பாகப் போட்டிருக்கலாம். புத்தகத்தைப் பாருங்கள்.

மரை போன கதை எனக்கும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், பிளக் அடுத்த முறை சுலபமாகக் கழலட்டும் என்று மரையில் தாராளமாக கிரீஸ் தடவி, வழக்கமான இழுவையில் இறுக்கினேன். வழுக்கும் மரையில் அதே இழுவை அளவுக்கு மீறிய இறுக்கமாகும் என்று அப்போது தெரியாது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் புது மரை போட்ட செலவு என் கையிலிருந்துதான் போனது. இப்போது வரும் பிளக்குகளில் மரைக்கு மேல்பூச்சு இருக்கிறது, எதுவும் தடவ வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். குழியிலிருக்கும் மணலைக் காற்றடித்து எடுத்த பிறகே கழற்ற வேண்டும். புது பிளக்கைக் கையாலேயே கடைசி வரை சுற்றி, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரில் அரைச் சுற்று. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் 14 மி.மீ. மரை, அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்.

போலியைக் கண்டுபிடிக்க நான் செய்வது எளிது. விரலை ஈரமாக்கிப் பீங்கானில் எழுத்தைத் தேய்ப்பேன், அழியக் கூடாது. வளைந்த கம்பி நடு முனைக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். ரெசிஸ்டர் பிளக் என்றால் மீட்டர் வைத்து நான்கையும் அளப்பேன். ஐயாயிரம் ஓம் அக்கம்பக்கத்தில் நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். டப்பா இல்லாமல் கவரில் போட்டுக் கொடுப்பதில் மணலடித்துப் பளபளப்பாக்கிய பழைய பிளக்குகளும் கலந்து வரும். அந்த மணல் உள் இடுக்கில் ஒன்றிரண்டு துகள் நின்றாலும் சிலிண்டருக்குள் போய்விடும்.

தம்பியை அதே கடைக்கு அனுப்பி, புத்தகத்தில் இருந்த நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்து மாற்றி வரச் சொன்னேன். பிளக் நான்கும் பூட் ஒன்றும் போட்டு, பேசின் பிரிட்ஜ் வரை ஒரு நடை போய் வந்தோம். பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது.

கழற்றிய பிளக்குகளின் வளைந்த கம்பியைச் சுத்தியலால் தட்டிவிட்டுத்தான் நான் குப்பையில் போடுவது வழக்கம், இல்லையென்றால் அது மறுபடி பளபளப்பாகிக் கடைக்கு வந்துவிடும். அன்றைக்குச் சுத்தியலை எடுத்தபோது தம்பி தடுத்தார்.

"அத்த குடுண்ணா. என் மச்சான் தூண்டில்ல கட்டுவாரு. நல்ல கனம்."

நான்கையும் தட்டிவிட்டே கொடுத்தேன்.