எமோ: அழுகையும் சினமும் ஒரே மூச்சில்

'எமோ' ஓர் இசை வகை. அந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கும் கண்ணை மறைக்கும் முடி, கறுப்புச் சட்டை, வாடிய முகம்தான் நினைவுக்கு வரும். அது 2000-க்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். சொல் பிறந்தது 1980-களின் நடுவில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில்.

அங்கே ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக இசை ஏற்கெனவே இருந்தது. சினம்தான் அதன் உயிர். கச்சேரிகளில் அடிதடி மலிந்துபோகவே, மனம் வெறுத்த சில இசைஞர்கள் 1985-இல் வேறு வழி பிடித்தார்கள். அந்தக் கோடைக்கே 'புரட்சிக் கோடை' என்று பெயர். இரைச்சல் குறையவில்லை, பாடுபொருள் நெஞ்சுக்குள் திரும்பியது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு அந்த ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டைக் கேளுங்கள். பாடகர் கீ பிச்சோட்டோ கத்தலாகத் தொடங்கும் வரி, முடிவதற்குள் பிளந்து விம்மலாகிவிடுகிறது. இந்த இசையை 'எமோஷனல் ஹார்ட்கோர்' என்றார்கள். அது 'எமோகோர்' ஆகி, 'எமோ' என்று தேய்ந்தது. அந்த இசைஞர்களுக்கே பெயர் பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவரான பாடகர் இயன் மெக்கே மேடையிலேயே அதைச் சாடினார்.

'எமோஷன்' என்பதன் வேர் லத்தீன். 'எ' என்றால் வெளியே, 'மொவேரே' என்றால் அசைத்தல். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஊர்க் கலவரத்தையும் அது குறித்தது. மனத்தின் கொந்தளிப்பு என்ற பொருள் பிறகுதான் நிலைத்தது. 'ஹார்ட்கோர்' என்பது பிரிட்டனில் சாலைக்கு அடியில் கொட்டி இடிக்கும் செங்கல் உடைசலுக்கும் பெயர். 'எமோஜி'க்கும் 'எமோ'வுக்கும் உறவில்லை. அது ஜப்பானியச் சொல், 'எ' படம், 'மோஜி' எழுத்து.

தமிழில் என்ன சொல்வது? 'உணர்ச்சி' போதாது. உணர்தல் என்றால் அறிதலும்தான். அதில் சூடு குறைவு. 'உணர்ச்சிவசம்' என்றாலோ கண்டிப்பின் தொனி வந்துவிடுகிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்றார். அருமையான சொல், லத்தீன் வேருக்கும் நெருக்கமானது. ஆனால் அவருடைய எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை வேறு, வெகுளி வேறு. எமோ பாடகரின் தொண்டையில் இரண்டும் ஒன்றாக வருகின்றன.

எனக்குப் பட்ட சொல் 'குமுறல்'. தாங்க முடியாதவள் குமுறி அழுகிறாள். அநீதி கண்டவன் ஆத்திரத்தில் குமுறுகிறான். வானத்தில் இடி குமுறுகிறது. துயரம், சினம், பேரொலி மூன்றையும் ஒரே வினை தாங்குகிறது. இசை வகையின் பெயராக 'எமோ' இருக்கட்டும். அதன் தன்மையைச் சொல்ல 'குமுறலிசை' என்று துணிந்து எழுதலாம். புதிய எமோ ஹார்ட்கோர் இசைத்தட்டு ஒன்றை அறிமுகம் செய்யும்போது 'உணர்ச்சிகரமான பாடல்கள்' என்று எழுதி நகர்ந்துவிடாமல், 'முதல் பாட்டிலிருந்தே குமுறுகிறது' என்று எழுதிப்பாருங்கள்.