லோரி ஓட்டத் தெரிந்தவர் லோரிகளை நிர்வகிக்கவும் முடியும்

பினாங்கின் பட்டர்வொர்த், பிறை பக்கம் எந்த லோரி யார்டுக்குள் நுழைந்தாலும் தமிழ்க் குரல் கேட்கும். ஓட்டுநர், கெலிண்டான் (லோரி உதவியாள்), லோரிகளை அனுப்பிவைக்கும் டிஸ்பேட்ச் கிராணி என்று நம்மவர்கள் நிறையப் பேர். ஆனால் போக்குவரத்து மேலாளர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது இவர்கள் மனுப் போடுவதே இல்லை. கேட்டால், "நமக்கு டிகிரி இல்லையே அண்ணே" என்கிறார்கள். இந்தத் துறையில் நேர்காணல் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டம் மட்டும் வைத்திருப்பவரை விட யார்டைத் தெரிந்தவர்தான் எங்களுக்குத் தேவை. அவரிடம் இல்லாதது இரண்டே: கணக்கு, கோப்பு.

முதலில் கோப்பு. 2013-இல் கெந்திங் மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்து 37 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் லோரி மோதி 9 காவல் படையினர், அடுத்த மாதமே கிரிக் அருகே பேருந்து விபத்தில் 15 மாணவர்கள். இப்போதெல்லாம் விபத்து நடந்தால் ஓட்டியவர் யார் என்ற கேள்வியோடு நிற்பதில்லை. அவரை எத்தனை மணி நேரம் ஓட விட்டீர்கள், பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், ஜிபிஎஸ் பதிவு எங்கே என்று நிறுவனத்தைக் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் முதல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகி வருகிறது. தரைப் போக்குவரத்து அமைப்பான ஏபாட் தரும் பெர்மிட், புஸ்பாகோம் வாகனச் சோதனை, ஓட்டுநரின் ஜிடிஎல் எனும் சரக்கு வாகன உரிமம் எல்லாவற்றின் தேதியும் ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். இந்த நெருக்கடியால்தான் ஐந்தாறு லோரி வைத்திருக்கும் முதலாளிகூட இன்று பொறுப்பான ஆளைத் தேடுகிறார்.

அடுத்து கணக்கு. நேர்காணலில் நான் ஒரு டீசல் பட்டியலைக் கொடுத்துப் பேசச் சொல்வேன். பட்டர்வொர்த்திலிருந்து போர்ட் கிள்ளான் போய்வர 700 கிலோமீட்டருக்கு மேல். சுமையோடு ஓடும் டிரெய்லர் லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 300 லிட்டர். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 3 ரிங்கிட் 35 சென் ஆனது. தகுதியுள்ள சரக்கு லோரிகளுக்கு மானிய அட்டையில் அப்போது 2 ரிங்கிட் 15 சென். அட்டைக்கு நேரத்தோடு மனுச் செய்யாத நிறுவனத்துக்கு அன்றைய விலையில் ஒரே பயணத்தில் 360 ரிங்கிட் நட்டம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த தம்பியை எந்த முதலாளியும் விட மாட்டார். அதே பட்டியலில் 300 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 360 போயிருந்தால், டயரா, இஞ்சினா, டீசல் திருட்டா என்று மோப்பம் பிடிக்கவும் வேண்டும். ஓட்டிப் பழகியவருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

வேலை எங்கே இருக்கிறது? கண்டெய்னர் லோரி நிறுவனங்கள் மட்டுமல்ல. பாயான் லெப்பாஸ் மின்னணுப் பொருள்கள் இரவோடு இரவாக லோரியில் கேஎல்ஐஏ விமான நிலையச் சரக்கு முனையத்துக்குப் போகின்றன. விமானம் காத்திருக்காது என்பதால் நேரத்தைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம். தொழிற்சாலைப் பேருந்து, குளிர்சாதன லோரி, கூலிம் தொழிற்பேட்டை என்று இன்னும் உண்டு. எக்செல், மின்னஞ்சல் எழுதும் அளவுக்கு மலாயும் ஆங்கிலமும் இல்லாமல் எதுவும் நடக்காது, அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலாளர் என்று பெயர் கொடுத்து, பாதுகாப்புக் கோப்புகளில் கையெழுத்து மட்டும் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. பிரேக் சரியில்லாத லோரியை நிறுத்தி வைக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று நியமனக் கடிதம் வாங்கும்போதே கேளுங்கள். "முதலில் லோடை ஏற்றுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம்.

படிக்கப் பணமில்லை என்பவர்களுக்கு: பத்து பேரோ அதற்கு மேலோ மலேசியர்கள் வேலை செய்யும் பெரும்பாலான நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் ஊழியர்களின் பயிற்சிக்கானது. அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் தரும் பிபிதி முறையும் உண்டு. உங்கள் வேலைக்குப் பொருந்தும் பிரிவு எது என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் விசாரியுங்கள். லெவியைப் பற்றி இந்த வாரமே மனிதவள அலுவலரிடம் கேளுங்கள்.