போர்டு போச்சு என்றால் கணக்கும் போச்சா?

பல்லடம் பக்கத்தில் தறிக்குடோன் வைத்திருக்கும் அண்ணா ஒருவர், போன மாதம் தன் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒரு பெரிய பிராண்டின் டெஸ்க்டாப், 2014-ல் வாங்கியது. "மதர்போர்டு போயிருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க தம்பி. பத்து வருசத்துக் கூலிக் கணக்கு இதுலதானுங்க இருக்குது" என்றார். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கணக்கு போர்டுல இல்லைங்கண்ணா, ஹார்டு டிஸ்க்ல இருக்குது" என்று சொல்லி, டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதை ஒரு பென் டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பார்க்கவே ஆரம்பித்தேன். எந்தக் கடைக்குப் போனாலும் இந்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள்: முதலில் டேட்டா, அப்புறம் பழுது.

பெட்டிக்குள் பஞ்சு. ப்ராசசர் மேலிருந்த ஃபேனைக் கழற்றியதும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின்மேல் படிந்திருந்த பஞ்சு மெத்தைத் துண்டுபோல ஒரே ஏடாக உரிந்து வந்தது. சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கமிருந்து வரும் பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காற்றுப் போக வழியில்லாமல் வருடக்கணக்கில் சூட்டிலேயே ஓடியிருக்கும்.

அதற்காகப் பார்த்தவுடன் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ராம் எனும் மெமரி அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, போர்டில் செருகும் முனைகளை அழிரப்பரால் துடைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். பவர் பட்டனின் விளக்கு எந்த நிறத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது, பீப் சத்தம் எத்தனை என்று எண்ண வேண்டும். அதற்கான பொருள் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பெரிய பிராண்டுகள் அதைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன.

முக்கியமானது எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை. சாதா கம்ப்யூட்டரில் போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் 24 பின் இருக்கும். பிராண்டு டெஸ்க்டாப்களில் பல மாடல்கள் அப்படியில்லை: டெல்லில் 8 பின், எச்பியில் 6 பின், லெனோவாவில் 10 அல்லது 14 பின் என்று வரும். இந்த எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட் மட்டும்தான் தரும். டிஸ்குக்கு வேண்டிய 5 வோல்ட்டை போர்டே தயாரித்துக் கொடுக்கும். சாதா டெஸ்டரில் இதன் பிளக் சேராது. சோதிக்க வழியில்லாமலேயே "போர்டு" என்று பில் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் எழுந்து உட்கார்ந்த பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இவருடையதில் போர்டேதான் போயிருந்தது. ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சின்ன ஸ்விட்ச் சிப்) ஷார்ட்; அதைச் சுற்றி போர்டு பழுப்பேறிக் கிடந்தது.

முந்தைய கடையில், சாதா போர்டு ஒன்றைப் போட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார்களாம். பிளக் சேராது, முன்பக்க பட்டன் வயர் சேராது, பல மாடல்களில் பின்பக்கத் துளைகளும் சேராது. கடைசியில் கேபினட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் வாங்கி, புதுக் கம்ப்யூட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பிளக்கை மாற்றிப் பொருத்தும் அடாப்டர் வயர் கிடைக்கிறது. ஆனால் பகலிரவாக ஓடும் பெட்டியில் அதைப் போட எனக்கு மனம் வராது.

அதே போர்டுதான் வேண்டும். மாடல் பெயர் மட்டும் போதாது; ஒரே மாடலில் பெரிய பெட்டிக்கு ஒரு போர்டு, சின்னப் பெட்டிக்கு வேறு போர்டு. போர்டின்மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். பழைய போர்டு வாங்கினால் பயாஸுக்கு (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) பாஸ்வேர்டு இல்லையே என்று கேளுங்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்த பெட்டிகளில் அது பூட்டியே வருவதுண்டு. ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இவருடைய பெட்டியின் சாக்கெட்டில் 1150 பின்கள், முடி மாதிரி. ஒன்று சாய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் வேறு மாதிரி மின்னும். நான் வரவழைத்த முதல் போர்டில் இரண்டு பின் வளைந்திருந்தது, திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது போர்டு சரியாக இருந்தது. மாட்டினேன், டிஸ்பிளே வந்தது, விண்டோஸ் பாதி வந்து நீலத்திரையில் நின்றது. பல கடைகளில் "ஃபார்மட் பண்ணிரலாங்களா?" என்று கேட்கும் நேரம் இதுதான். தலையாட்டினால் டிஸ்கில் இருப்பது போய்விடும். டிஸ்கோடு போர்டு பேச 'ரெய்டு', 'ஏஹெச்சிஐ' என்று இரண்டு முறைகள்: பழைய போர்டின் பயாஸில் டிஸ்க் 'ரெய்டு' முறையில் இருந்திருக்கும், வந்த போர்டு 'ஏஹெச்சிஐ'யில் இருக்கும், அல்லது அதற்கு நேர்மாறாக. பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியை மாற்றினேன். அவர் மாட்டுப் பொங்கலன்று எடுத்து வைத்திருந்த காங்கேயம் காளைப் படம் திரையில் வந்து நின்றது. "அட, வந்திருச்சுங்க" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்டால் பயப்பட வேண்டாம். கெட்ட போர்டுக்குப் பதில் அதே வகைப் போர்டு போட்டால் உரிமம் போகாது. கவனிக்க வேண்டியது பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அது போட்ட டிஸ்க், போர்டு மாறியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலும் கேட்கும். கீ இல்லையென்றால் என்னாலும் முடியாது. போர்டு நன்றாக இருக்கும்போதே எடுத்து எழுதி வையுங்கள்.

இவ்வளவு பழைய பெட்டிக்கு இந்தச் செலவு தேவையா என்றும் அவர் கேட்டார். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, இந்த வயதுப் ப்ராசசருக்கு விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் அனுமதிப்பதில்லை. அதனால் நெட் இல்லாமல் கணக்கு மட்டும் போடப் பயன்படுத்துங்கள், பேங்க் வேலை இதில் வேண்டாம் என்றேன். ஜிஎஸ்டியையும் பேங்க்கையும் மகளின் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டார். தறிக்குப் பக்கத்தில் தரையில் இருந்த பெட்டி இப்போது ஆபீஸ் ரூமில் மேசைமேல் இருக்கிறது, மாதம் ஒருமுறை ப்ளோயர் அடிக்கிறார்.