கடை ஓரிடம், தபால் வேறிடம்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் நண்பர், பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்ற ஒரு ஜூன் மாதக் காலையில் போன் செய்தார். "தம்பி, நான்கு நாளாக ஒரு மெயில்கூட வரவில்லை. வெப்சைட் மட்டும் நன்றாகத் திறக்கிறது."

முந்தைய வாரம்தான் ஆலையின் மின்னஞ்சலை, வெப்சைட் இருந்த சர்வரிலிருந்து வெளி நிறுவனம் ஒன்றின் சேவைக்கு மாற்றியிருந்தார்கள். டொமைன் என்னும் இணையப் பெயர் ஒன்றே என்றாலும், எது எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டி.என்.எஸ். பதிவேட்டில் அதற்குப் பல வரிகள் உண்டு. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த ஏற்பாடு இது. வெப்சைட்டைத் தேடி வரும் பிரௌசர் 'ஏ' பதிவைக் கேட்கும். கடிதம் கொண்டுவரும் சர்வர் 'எம்.எக்ஸ்.' பதிவைக் கேட்கும். எனவே கடையை ஓரிடத்திலும் தபால் பெட்டியை வேறிடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

நண்பரின் பதிவேட்டைத் திறந்தேன். எம்.எக்ஸ்.இல் மூன்று வரிகள். புதிய நிறுவனம் தந்த இரண்டுக்கும் 10, 20 என்று எண்கள். யாரும் அழிக்காமல் விட்ட பழைய வரிக்கு 0. பரீட்சையில் மார்க் போல அல்ல, ரேங்க் போல வேலை செய்யும் எண் இது: சிறியதே முந்தும். அனுப்புகிறவர்கள் முதலில் 0 வாசலைத் தட்டினார்கள்; பழைய சர்வரும் இன்முகத்தோடு கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டது. துபாய் வாடிக்கையாளர் ஒருவர் சாம்பிள் டின் கேட்டு எழுதியதும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

வரியை அழித்தேன். "இப்போதே வந்துவிடுமா?" என்றார். அந்த வரியின் டி.டி.எல். 14400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். ஒருமுறை கேட்ட பதிலை அதுவரை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும். மாற்றுவதற்கு முதல் நாளே அதை 300 ஆகக் குறைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மாலையில் வெளிக் கடிதங்கள் வந்தன. வெப்சைட்டின் விசாரணைப் படிவத்தில் எழுதியவை மட்டும் வரவில்லை. இதில்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். படிவத்தை அனுப்புவது அதே பழைய சர்வர். இந்த டொமைனின் மெயில் வீடு தான்தான் என்று அது இன்னும் நம்பியதால், பதிவேட்டைக் கேட்கவே இல்லை. தன் பெட்டியிலேயே போட்டுக்கொண்டது. ஹோஸ்டிங் அமைப்பில் 'மெயில் வெளியே இருக்கிறது' என்று மாற்றிய பிறகே வழிக்கு வந்தது.

வந்ததும் ஸ்பேமில் விழுந்தது! யார் யார் இந்தப் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். வரி இரண்டாக இருந்தது: பழைய சர்வருக்கு ஒன்று, புதிய சேவைக்கு ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பிழை என்று கருதப்பட்டு இரண்டுமே செல்லாது. இரு சர்வர்களையும் ஒரே வரியில் சேர்த்தேன். கடிதத்தில் இடும் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டி.கே.ஐ.எம். பொதுச் சாவியையும் பதிவேட்டில் ஏற்றினேன். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவற்றில் கறாராக இருக்கிறது.

அன்றிரவே துபாய்க்குப் பதில் போனது, நான்கு நாள் தாமதத்துக்கு மன்னிப்போடு.